நாஷ்வில் படத்தை முதல் தடவை பாக்கப் போறவங்களுக்கு: எப்படி பாக்கணும், எதைக் கேக்கணும்

ராபர்ட் ஆல்ட்மேன் எடுத்த நாஷ்வில் படத்தை நான் முதல் தடவை முக்கால் மணி நேரத்துல நிறுத்திட்டேன். கையில நோட்டு பேனா வச்சுக்கிட்டு யார் யாரு, யாருக்கு யார் என்ன வேணும்னு எழுதிக்கிட்டே பாத்தேன், பதினாலு பேர் வரைக்கும் எழுதிட்டேன், அதுக்குள்ள ஒரே ஷாட்ல நாலு பேர் ஒண்ணா பேச ஆரம்பிச்சாங்க, யார் பேச்சை எழுதுறதுன்னு தெரியாம மூடி வச்சுட்டேன். ரெண்டு வருஷம் கழிச்சு நோட்டை தூக்கிப் போட்டுட்டு சும்மா உக்காந்து பாத்தப்பதான் படம் என்னை உள்ள விட்டுச்சு. அப்பலேர்ந்து இது எனக்கு ரொம்ப நெருக்கமான படம். யாராவது "ட்ரை பண்ணேன், ஒண்ணும் புரியல, விட்டுட்டேன்"னு சொன்னா மனசு கேக்க மாட்டேங்குது, அதனாலதான் இதை எழுதுறேன். முதல் பாதியில முடிவை சொல்ல மாட்டேன், சொல்ற இடம் வரும்போது முன்னாடியே எச்சரிக்கிறேன்.

முதல்ல அடிப்படை விஷயம். 1975-ல வந்த படம், ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஓடும். அமெரிக்காவுல டென்னசி மாநிலத்து நாஷ்வில் நகரம், அதாவது கன்ட்ரி ம்யூசிக்ங்கிற அமெரிக்க நாட்டுப்புறப் பாணி இசையோட தலைநகரம், அங்க அஞ்சு நாள்ல நடக்குறது. முக்கியமான பாத்திரங்கள் மட்டும் 24. கதைன்னு கேட்டா ஒரு வரிதான்: ஜனாதிபதி தேர்தல்ல நிக்கிற ஒரு வேட்பாளருக்கு கூட்டம் சேக்கணும், அதுக்கு ஊர்ல இருக்கிற பாடகர்களையெல்லாம் பிடிச்சு ஒரு இலவச கச்சேரி நடத்தணும், அந்த ஏற்பாட்டுக்கு ஒருத்தன் வந்து இறங்குறான். அவ்வளவுதான். அடுத்து என்ன ஆகும்னு இந்த ஒரு வரியைப் பிடிச்சுக்கிட்டு போனா சலிச்சுப் போயிடும், ஏன்னா படத்துல முக்காவாசி நேரம் இந்த வேலைக்கு சம்பந்தமே இல்லாத மாதிரி தெரியற ஆளுங்கதான் வருவாங்க போவாங்க.

பாக்குறதுக்கு முன்னாடி சவுண்டை சரி பண்ணுங்க. போன் ஸ்பீக்கர்ல பாக்காதீங்க, தயவு செஞ்சு. ஒரு நல்ல ஹெட்போன் போதும். ஏன்னு சொல்றேன். ஆல்ட்மேன் இந்தப் படத்துல நடிகர்கள் ஒவ்வொருத்தர் சட்டைக்குள்ளயும் தனித்தனி வயர்லெஸ் மைக் வச்சு, தனித்தனி ட்ராக்ல பதிவு பண்ணார், லயன்ஸ் கேட் 8 ட்ராக்னு அந்த சிஸ்டத்துக்கு பேரு. அப்புறம் உக்காந்து மிக்ஸ் பண்ணும்போது யார் குரல் மேல வரணும், யார் குரல் அடியில முணுமுணுக்கணும்னு முடிவு பண்ணார். அதனால ஒரு பார்ட்டி சீன்ல உங்களுக்கு மூணு பேச்சு ஒரே நேரத்துல காதுல விழும், அது ஒலிப்பதிவு கோளாறு இல்ல, உண்மையான பார்ட்டியில நாம எப்படி கேப்போமோ அப்படி. எல்லாத்தையும் பிடிக்கணும்னு நினைக்காதீங்க, எந்தப் பேச்சு உங்க காதை இழுக்குதோ அதோட போங்க, மத்தது அடுத்த தடவை கிடைக்கும்.

சப்டைட்டில் போடலாமான்னு கேட்டா, முதல் தடவை போடுங்க, தென் மாநில உச்சரிப்பு நமக்கு கொஞ்சம் கஷ்டம். ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், மூணு பேர் பேசும்போது சப்டைட்டில் ஒருத்தரோட வரியைத்தான் காட்டும், கண்ணு அங்கயே ஒட்டிக்கும், ஃப்ரேமோட ஓரத்துல நடக்குறது தவறிப் போயிடும். இந்தப் படத்துல ஓரம்தான் முக்கியம். ரெண்டாவது தடவை சப்டைட்டிலை அணைச்சுட்டு பாருங்க, வேற படம் மாதிரி இருக்கும்.

அடுத்து, 24 பேரையும் மனப்பாடம் பண்ண வேண்டாம், நான் பண்ண தப்பை நீங்க பண்ணாதீங்க. ஒரு ஆறு பேரைப் பிடிச்சுக்கோங்க, மத்தவங்க தானா வந்து ஒட்டிக்குவாங்க. ஹேவன் ஹாமில்டன், வெள்ளை உடுப்பு போட்டுக்கிட்டு ஊருக்கே நான்தான் பெரியவர்ங்கிற மாதிரி திரியற பழைய ஸ்டார், ஹென்றி கிப்சன் நடிச்சது. பார்பரா ஜீன், ஜனங்க உயிரை விடுற பாடகி, தீக்காயத்துக்கு சிகிச்சை முடிஞ்சு ஊருக்குத் திரும்பி வர்றாங்க, உடம்பும் மனசும் நூல்ல தொங்குது, ரோனி பிளேக்லி. லின்னியா, காஸ்பல்ங்கிற சர்ச் பாட்டு பாடுற குடும்பத்தலைவி, காது கேக்காத ரெண்டு பிள்ளைங்களோட அம்மா, இது லில்லி டாம்லினுக்கு முதல் படம்னு சொன்னா நம்ப முடியாது. டாம், போற இடமெல்லாம் பொண்ணுங்களை மயக்குற ஃபோக் பாடகன், கீத் கேரடைன். சூலீன், ஏர்போர்ட் ஹோட்டல்ல சப்ளை பண்ற பொண்ணு, பாடகி ஆகணும்னு வெறி, ஆனா சுருதியே சேராது, க்வென் வெல்ஸ். கடைசியா ட்ரிப்லெட், நான் சொன்ன அந்த கச்சேரி ஏற்பாட்டுக்காரன், மைக்கேல் மர்ஃபி.

இந்த ஆறு பேரை வச்சுக்கிட்டு ஒவ்வொரு சீன்லயும் ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இவர் இதை யாருக்கு சொல்றார், யார் இதை தனக்கு சொன்னதா எடுத்துக்கிறாங்க? என்னைப் பொறுத்தவரை இந்தப் படத்தோட சாவி இதுதான். பாட்டா இருக்கட்டும், தேர்தல் பேச்சா இருக்கட்டும், காதல் வார்த்தையா இருக்கட்டும், இந்தப் படத்துல எல்லாமே ஊருக்குப் பொதுவா சொல்லப்படுது, கேக்குறவங்க ஒவ்வொருத்தரும் "இது எனக்குத்தான்"னு நினைச்சுக்கிறாங்க. கன்ட்ரி பாட்டும் பிரச்சாரமும் ஏன் ஒரே படத்துல இருக்குங்கிறதுக்கு பதில் இந்த இடத்துலதான் இருக்கு.

ட்ரிப்லெட்டை இந்தக் கேள்வியோட கவனிச்சீங்கன்னா உடனே புரியும். ஹேவன்கிட்ட போய் நீங்க டென்னசி கவர்னர் ஆகணும்னா எங்க ஆள் ஆதரவு தருவார்னு ஆசை காட்டுறான். ஃபோக் க்ரூப்ல இருக்கிற இளைஞர்கள்கிட்ட போனா இதே கன்ட்ரி பாடகர்களை பட்டிக்காட்டு ஆளுங்கன்னு மட்டம் தட்டிப் பேசி, உங்களை மாதிரி ஆளுங்கதான் எங்களுக்கு வேணும்ங்கிறான். பார்பரா ஜீனோட புருஷன் பார்னெட்டுக்கு அரசியலே ஆகாது, என் பொண்டாட்டி எந்தக் கட்சிக்கும் பாட மாட்டாங்கறான், அவன்கிட்ட வேற குரல். ஒரு தடவை கூட சத்தம் போட மாட்டான், சிரிச்ச முகம் மாறாது, ஒவ்வொருத்தருக்கும் எது பசியோ அதைப் பரிமாறிட்டு அடுத்த ஆளைப் பாக்கப் போயிடுவான்.

வேட்பாளர் பேரு ஹால் ஃபிலிப் வாக்கர், கட்சி பேரு ரீப்ளேஸ்மென்ட் பார்ட்டி. அவர் முகத்தை தேடாதீங்க, படம் முழுக்க காட்டவே மாட்டாங்க. குரல் மட்டும்தான், ஒலிபெருக்கி கட்டின ஒரு வேன் ஊரெல்லாம் சுத்தி அவர் பேச்சைப் போட்டுக்கிட்டே இருக்கும், அந்த சத்தம் எப்படி காதுல விழுந்தும் விழாம போகும்னு நமக்கு யாரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்ல. இதுலதான் பலபேர் கோட்டை விடுறாங்க, பின்னணி சத்தம்னு விட்டுடுறாங்க. வேன் வரும்போது நிறுத்தி ஒரு ரெண்டு வரி கேளுங்க. அமெரிக்க காங்கிரஸ்ல வக்கீல்கள் இவ்வளவு பேர் ஏன் இருக்காங்கன்னு கேப்பார், சர்ச்சுக்கு ஏன் வரி இல்லன்னு கேப்பார், தேசிய கீதத்தை மாத்தணும்பார். பாதி நியாயமாவும் பாதி விபரீதமாவும் இருக்கும், யாரு என்ன கோபத்துல இருந்தாலும் ஒரு வரி அவங்களுக்குன்னு மாட்டும். இந்தப் பேச்சுகளை எழுதிப் பேசினது தாமஸ் ஹால் ஃபிலிப்ஸ்ங்கிற மிசிசிப்பி எழுத்தாளர். ஒரு இடத்துல ஹவர்ட் கே. ஸ்மித்ங்கிற நிஜ டிவி செய்தியாளரே இந்த கற்பனை வேட்பாளரைப் பத்தி நிஜம் மாதிரி விமர்சனம் பண்ணுவார், அதைத் தவற விடாதீங்க.

கொஞ்சம் வரலாறு தெரிஞ்சா படம் இன்னும் கனமாகும், நீளமா வேண்டாம். படப்பிடிப்பு நடந்தது 1974 கோடையில, நாஷ்வில்லயே. அதே நேரம் வாட்டர்கேட் விவகாரத்துல ஜனாதிபதி நிக்சன் ஆகஸ்ட் 9-ம் தேதி பதவி விலகுறார். அதுக்கு அஞ்சு மாசம் முன்னாடி, மார்ச் 16, அதே நிக்சன் நாஷ்வில்லுக்கு வந்து, 1925-லேர்ந்து ரேடியோவுல ஓடிக்கிட்டிருந்த கிராண்ட் ஓல் ஆப்ரி நிகழ்ச்சியோட புது அரங்கத் திறப்பு விழாவுல மேடையேறி பியானோ வாசிச்சார். ஆப்ரி காட்சி எடுத்தது அந்தப் புது அரங்கத்துலதான். கன்ட்ரி மேடைக்கும் தேர்தல் மேடைக்கும் உறவு அங்க பழசு: ஆப்ரியோட பெரிய ஸ்டார் ராய் ஏகஃப் 1948-ல டென்னசி கவர்னர் தேர்தல்ல நின்னு தோத்தார், லூசியானாவுல ஜிம்மி டேவிஸ்ங்கிற பாடகர் ரெண்டு தடவை கவர்னராவே இருந்தார். 1972-ல ஜனாதிபதி தேர்தல் பிரச்சாரத்துல இருந்த ஜார்ஜ் வாலஸை ஒருத்தன் சுட்டு அவர் நடக்க முடியாம போனது எல்லார் மனசுலயும் பச்சையா இருந்துச்சு. 1976-ல நாட்டோட இருநூறாவது பிறந்தநாள் வேற வருது, ஹேவன் முதல் சீன்ல ரெக்கார்ட் பண்ற பாட்டு அதைப் பத்தித்தான்.

இப்ப படத்தைப் போடுங்க. ஆரம்பமே டிவியில இசைத்தட்டு விக்கிற விளம்பரம் மாதிரி காது கிழியற சத்தத்தோட வரும், நடிகர்கள் பேரையெல்லாம் ஒருத்தர் கத்திக் கத்தி விப்பார், பயந்து வால்யூமைக் குறைச்சிடாதீங்க. அது முடிஞ்ச உடனே பிரச்சார வேன் கிளம்பும். அடுத்து ஒரு ஸ்டுடியோவுல ஹேவன் நாட்டுப்பற்றுப் பாட்டைப் பாடிக்கிட்டே பியானோக்காரரைத் திட்டிக்கிட்டு இருப்பார், பக்கத்து ஸ்டுடியோவுல லின்னியா கறுப்பின காஸ்பல் குழுவோட உயிரைக் குடுத்துப் பாடிக்கிட்டு இருப்பாங்க. அந்தக் குழு நிஜமான ஃபிஸ்க் ஜூபிலி சிங்கர்ஸ், 1871-லேர்ந்து இருக்கிறவங்க. விளம்பரம், வேன், ரெண்டு ஸ்டுடியோ, பத்து நிமிஷத்துக்குள்ள படம் தன்னோட மொத்த சரக்கையும் மேசையில வச்சிடுது.

அப்புறம் ஏர்போர்ட், எல்லாரும் ஒரே இடத்துல வந்து சேருவாங்க, குழப்பம் இங்கதான் உச்சம், நான் நோட்டை மூடின இடமும் இதுதான். யாரையும் தேடாம கூட்டத்தைக் கூட்டமா பாருங்க. அதுக்கடுத்து ஹைவேயில வண்டிங்க ஒண்ணோட ஒண்ணு மோதி பெரிய ட்ராஃபிக் ஜாம். இது திரைக்கதை எழுதின ஜோன் ட்யூக்ஸ்பரிக்கு நேர்லயே கிடைச்ச அனுபவம், ஆல்ட்மேன் அவங்களை நாஷ்வில்லுக்கு அனுப்பி, பாக்குறதையெல்லாம் டைரியில எழுதச் சொன்னார், அந்த டைரிதான் படமாச்சு. அதனாலதான் இதுல நிறைய விஷயம் கதைக்காக வச்ச மாதிரி இல்லாம, ஊருக்குள்ள நடந்து போறப்ப கண்ணுல பட்ட மாதிரி இருக்கு.

பாட்டு வரும்போது ஃபார்வர்ட் பண்ணாதீங்க, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும். பல பாட்டுகள் நடிகர்களே எழுதினது, ரிச்சர்ட் பாஸ்கின் இசையை கவனிச்சார். நாஷ்வில் இசைக்காரங்க பலபேருக்கு அப்ப இது பிடிக்கல, இது நிஜமான கன்ட்ரியே இல்லன்னாங்க. எனக்கு என்ன தோணுதுன்னா, நல்ல பாட்டும் சுமாரான பாட்டும் கலந்திருக்கு, அப்படித்தான் இருக்கணும், எது உயிரோட வருது எது தொழிலுக்காக வருதுன்னு காதால பிரிச்சுப் பழகுறதுதான் இந்தப் படம் பாக்குற வேலையே. ஆப்ரி சீன்ல பார்பரா ஜீன் ஆஸ்பத்திரியில படுத்திருக்காங்க, அவங்க இடத்துல கானி வைட்ங்கிற போட்டிப் பாடகி மேடையேறுறாங்க, இவங்க படுக்கையில கிடந்து ரேடியோவுல அதைக் கேக்குறாங்க. மேடை, ரேடியோ, ஆஸ்பத்திரிக் கட்டில், ஒரே பாட்டு மூணு இடத்துல மூணு விதமா போய்ச் சேருது.

இடைவேளை எடுக்கணும்னா ஞாயிற்றுக்கிழமை சர்ச் காட்சி வரும், படத்தோட நடுவாக்குல, அது முடிஞ்சதும் எடுங்க. ஒவ்வொருத்தரும் அவங்கவங்க சர்ச்சுல பாடுவாங்க, பார்பரா ஜீன் ஆஸ்பத்திரி சேப்பல்ல சக்கர நாற்காலியில உக்காந்து பாடுவாங்க, கேக்க நாலஞ்சு பேர்தான். படத்துல யாருக்கும் எதையும் விக்காத பாட்டு அது.

அதுக்கப்புறம் ஆப்ரிலாண்ட்ங்கிற பொழுதுபோக்குப் பூங்காவுல ஒரு மேடை. இதை அவசரப்படாம பாருங்க. பார்பரா ஜீன் பாடி முடிச்சுட்டு அடுத்த பாட்டுக்கு பேண்ட் வாசிக்க ஆரம்பிக்குது, அவங்க திடீர்னு நிறுத்தச் சொல்லிட்டு சின்ன வயசுக் கதை பேச ஆரம்பிக்கிறாங்க. பேண்ட் நிக்குது. திரும்ப ஆரம்பிக்குது. திரும்பவும் பேசுறாங்க, பாட்டி, கோழி, அம்மான்னு கதை எங்கெங்கயோ போகுது. இந்தப் பேச்சை ரோனி பிளேக்லியே எழுதினாங்க. நீங்க பேண்ட்காரங்க முகத்தைப் பாருங்க, என்ன பண்றதுன்னு ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்குவாங்க. கூட்டம் முதல்ல சிரிக்கும், அப்புறம் அமைதியாகும், அப்புறம் கத்த ஆரம்பிக்கும். பார்னெட் ஓடி வந்து அவங்களைக் கூட்டிட்டுப் போயிட்டு, ஜனங்களை சமாதானப்படுத்த நாளைக்கு ஊர்ல இருக்கிற பார்த்தினான்ங்கிற கட்டடத்துல, அதாவது ட்ரிப்லெட்டோட கச்சேரியில, ஓசியில பாடுவாங்கன்னு வாக்கு குடுத்துடுறான். ட்ரிப்லெட் நாலு நாளா கெஞ்சியும் கிடைக்காதது அந்த ஒரு நிமிஷத்துல கிடைச்சிடுது.

இப்ப படத்தோட சிகரம், ரெண்டு காட்சி மாறி மாறி வரும். ஒரு பக்கம் எக்ஸிட் இன்ங்கிற க்ளப், இன்னைக்கும் நாஷ்வில்ல இருக்கிற பேரு. டாம் கிடாரோட மேடையேறி, இது இங்க வந்திருக்கிற ஒரு ஸ்பெஷலான ஆளுக்குன்னு சொல்லிட்டு பாட ஆரம்பிக்கிறான். கூட்டத்துல நாலு பொண்ணுங்க, நாலு பேரும் எனக்குத்தான்னு நினைக்கிறாங்க, ஒவ்வொரு முகத்தையும் கேமரா காட்டும். பின்னாடி கடைசியில லின்னியா, அசையாம, கேமரா மெதுவா மெதுவா அவங்க கிட்ட போகும். லில்லி டாம்லின் முகத்துல ஒண்ணுமே பண்ண மாட்டாங்க, ஆனா ஒரு பொண்ணு பல வருஷமா பூட்டி வச்ச கதவு திறக்குறது தெரியும். இந்தப் பாட்டுக்குத்தான் கேரடைனுக்கு ஆஸ்கர். கொஞ்ச நேரம் கழிச்சு மோட்டல் ரூம்ல, லின்னியா அவனுக்கு சைகை மொழியில அன்பைச் சொல்லத் தெரிய வச்சுட்டு வீட்டுக்குக் கிளம்ப உடுத்திக்கிட்டு இருக்கும்போதே அவன் இன்னொருத்திக்கு போன் போடுவான். அழ மாட்டாங்க, சண்டை போட மாட்டாங்க, கிளம்பிப் போவாங்க. அந்த நடையைப் பாருங்க.

இன்னொரு பக்கம் சூலீன். வாக்கருக்கு நிதி திரட்ட ஆம்பளைங்க மட்டும் இருக்கிற ஒரு பார்ட்டி, பாடக் கூப்பிட்டிருக்காங்கன்னு நம்பி வர்றா. சுருதி இல்லாம பாடுறா, கூட்டம் வேற எதையோ கேட்டு கத்துது. லின்னியாவோட புருஷன் டெல்பர்ட்டும் ட்ரிப்லெட்டும் துணியை அவிழ்த்தா நாளைக்கு பார்த்தினான்ல பார்பரா ஜீனோட பாடலாம்னு ஆசை காட்டுறாங்க. அவ அதைச் செய்றா. பாக்கவே வயிறு பிசையும், ஆனா கண்ணை எடுக்காதீங்க, பிராவுக்குள்ள அடைச்சு வச்சிருந்த சாக்ஸை எடுத்து வீசிட்டு எப்படி நிக்கிறான்னு பாருங்க. பாட்டும் வாக்குறுதியும் ஒரு ஆளை என்ன பண்ணும்ங்கிறது பக்கத்து பக்கத்துல வச்சிருக்கார், க்ளப்ல அது காதலாவும் இங்க அவமானமாவும் தெரியுது, ஆனா வேலை செய்ற விதம் ஒண்ணு.

இதுக்கு மேல முடிவு வருது. படம் பாக்காதவங்க இங்க நிறுத்திட்டு, பாத்துட்டு வந்து மிச்சத்தைப் படிங்க.

ரெண்டாவது தடவை பாக்கும்போது கென்னியை மட்டும் பின்தொடருங்க, வயலின் பெட்டியோட திரியற அந்த அமைதியான பையன். யாராவது பெட்டியைத் தொட்டா பதறுவான், அம்மாவுக்கு போன் பண்ணுவான். படம் அவனுக்கு ஒரு காரணம் கூட தராது, எத்தனை தடவை தேடினாலும் கிடைக்காது, அதுதான் சரின்னு எனக்குப் படுது. பிபிசிலேர்ந்து வந்தேன்னு சொல்லிக்கிட்டு டேப் ரெக்கார்டரோட திரியற ஓபல் எல்லார் பேச்சையும் பாதியில வெட்டுறதைப் பாருங்க. ஹேவனோட துணைவி லேடி பேர்ல் க்ளப்ல உக்காந்து, சுட்டுக் கொல்லப்பட்ட ஜனாதிபதி கென்னடியைப் பத்தி பேசும்போது, 1960-ல டென்னசியில அவருக்கு விழுந்த ஓட்டு 4,81,453-னு கடைசி இலக்கம் வரைக்கும் சொல்லுவாங்க, அது நிஜக் கணக்கு. பதினாலு வருஷமா ஒரு பொம்பளை அந்த நம்பரை நெஞ்சுல சுமந்திருக்கா.

கடைசியில பார்த்தினான். ஏதென்ஸ் கோயிலோட முழு அளவு நகல், 1897 கண்காட்சிக்காக கட்டினது, பின்னாடி கான்கிரீட்ல திரும்பக் கட்டினாங்க. பார்னெட் கட்சி பேனர் கூடாதுன்னு கண்டிஷன் போட்டிருந்தான், போய்ப் பாத்தா தூண்களுக்கு நடுவுல பெரிய வாக்கர் பேனர் தொங்குது. பார்பரா ஜீன் அம்மா அப்பாவைப் பத்தின பாட்டை முடிக்கிறாங்க, கென்னி பெட்டியைத் திறக்குறான். சுட்டதுக்கு அப்புறம் துப்பாக்கியைத் தேடாம மைக்கைப் பாருங்க. கையில ரத்தத்தோட ஹேவன், விக் கழண்ட தலையோட, இது டல்லாஸ் (கென்னடியைச் சுட்ட ஊர்) இல்ல நாஷ்வில்னு கத்துறார், யாராவது பாடுங்கங்கிறார், பக்கத்துல யாரு இருக்காங்களோ அவங்க கையில மைக்கைத் திணிக்கிறார். அது அல்புகர்க்கி, படம் முழுக்க புருஷன்கிட்டேர்ந்து தப்பிச்சு, எப்படியாவது ஒரு தடவை பாடிடணும்னு ஓடிக்கிட்டிருந்த பொண்ணு. அவங்க நடுங்குற குரல்ல ஆரம்பிக்கிறாங்க, காஸ்பல் குழு சேந்துக்குது, அப்புறம் கூட்டம், குழந்தைங்க உட்பட, அந்தப் பாட்டை தங்களுக்குன்னு எடுத்துக்கிட்டு பாட ஆரம்பிக்குது. வேட்பாளரோட கார் ஏற்கனவே கிளம்பிப் போயிடுச்சு.

அந்த நேரத்துல மேடையில சூலீனைத் தேடிப் பிடிங்க. பாடலாம்னு வாக்கு வாங்கிட்டு வந்தவ, மேடைக்குப் போட்ட உடுப்போட நிக்கிறா, மைக் வேற கைக்குப் போயிடுச்சு.